நடுவளவுச் சக்கரத்தின் நியாயம்

மலைத்தடங்களில் ஏறவும் இறங்கவும் ஒருங்கே பயன்படும் டிரெயில் வகை மிதிவண்டியின் 27.5 அங்குலச் சக்கரம், டயர் பொருந்தி அமரும் ரிம் விளிம்பின் விட்டம் 584 மில்லிமீட்டர் என்பதால், 622 கொண்ட 29 அங்குலத்தைவிட 559 கொண்ட பழைய 26 அங்குலத்துக்கே நெருக்கமானது. நடுவளவு என்பது விற்பனையாளர் வசதிக்காகத் தந்த பெயரே. பிரெஞ்சுச் சுற்றுலா மிதிவண்டிகளில் 650பி என வழங்கிய இந்தச் சக்கர அளவு மலைத்தடத்துக்கு வந்தபின், 2012இல் பீட்டர்மாரிட்ஸ்பர்க் உலகக்கோப்பைப் பந்தயத்தில் சுவிட்சர்லாந்து வீரர் நினோ ஷூர்ட்டர் அச்சக்கரத்தில் ஓட்டி வென்றது பலரைத் திரும்பிப் பார்க்க வைத்தது.

கற்களின்மேல் உருண்டு கடப்பதில் 29 அங்குலமே வல்லது என்றாலும், நெருக்கமான வளைவில் சட்டென்று சாய்ந்து திரும்பும் துடிப்பும், செங்குத்தான இறக்கத்தில் குள்ளமானவரின் உடலுக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே எஞ்சும் கூடுதல் இடமும் 27.5க்கே உரியவை. முன்னும் பின்னும் அதிர்வுதாங்கி உள்ள டிரெயில் வண்டியில், சக்கரம் மேலெழக்கூடிய தொலைவு பெரும்பாலும் 120 முதல் 150 மில்லிமீட்டர் வரை இருக்கும். ஆயினும் அவ்வெண்ணைவிட, ஓட்டுபவர் எடையால் பின்புற அதிர்வுதாங்கி ஏறத்தாழ 25 முதல் 30 சதவீதம் அமிழுமாறு காற்றழுத்தம் அமைப்பதும், பெடல் அச்சுக்கு நேர்மேலிருந்து ஹேண்டில் தண்டு நுழையும் சட்டகக் குழாயின் உச்சிவரை கிடையாக அளக்கப்படும் ‘ரீச்’ உடலுக்கு ஒத்திருப்பதும் முதன்மையானவை. பல்சக்கரங்களின் பளபளப்பில் மயங்குவோர் பலர். அவை தேய்ந்தால் மாற்றிக்கொள்ளலாம், சட்டகத்தின் அளவையோ மாற்ற இயலாது. பின்சட்டக மூட்டுகளிலுள்ள பேரிங்குகள் சேற்றாலும் நீராலும் தேய்வதால், அவை எளிதில் கிடைக்கின்றனவா என விசாரிப்பதும் தேர்வின் பகுதியே.