பந்தயத்தின் கடிகாரம் யார் கையில்?

2009 ஏப்ரல் 5. மலேசியாவின் செபாங் டிராக்கில் ஃபார்முலா 1 பந்தயம் மாலை 5 மணிக்குத் தொடங்கியது. முந்தைய ஆண்டு அது 3 மணிக்கே நடந்தது. அந்த நேரத்தில் ஜெர்மனியிலும் இத்தாலியிலும் ஞாயிறு காலை இன்னும் சோம்பல் முறித்துக்கொண்டிருக்கும். அவர்கள் எழுந்து காபி குடிக்கட்டும் என்று இரண்டு மணி நேரம் தள்ளி வைத்தார்கள். சாயங்காலமானால் அந்தப் பக்கம் மழை கொட்டும் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். மழை தவறாமல் வந்தது. சிவப்புக் கொடி காட்டி நிறுத்திவிட்டுக் காத்திருந்தார்கள், அதற்குள் இருட்டிவிட்டது. 56 சுற்றில் 31 சுற்றைக் கணக்கில் கொண்டு ஜென்சன் பட்டன் வென்றதாக அறிவித்துப் பாதிப் புள்ளிகளைக் கொடுத்தார்கள். அந்த இடைவேளையில் கிமி ராய்க்கோனன் அரைக்கால் சட்டையில் நின்று ஐஸ்கிரீம் தின்றதைக் கேமரா பிடித்தது. அந்தப் பந்தயம் இன்று நினைவில் நிற்பது பெரும்பாலும் அந்த ஐஸ்கிரீமால்தான்.

மோட்டார் பந்தயத்துக்குப் புதிய ரசிகர்களைச் சேர்ப்பது தொலைக்காட்சிதான். டிக்கெட் வாங்கி டிராக் ஓரம் உட்கார்ந்தவருக்குக் கிடைப்பது ஒரு வளைவும் காது கிழியும் சத்தமும். ஒன்றரை நிமிடத்துக்கு ஒருமுறை கார்கள் வந்து போகும். முழுப் பந்தயத்தையும் ஒரே இடத்தில் பார்க்க முடிவது திரையில்தான். அந்தத் திரை யாருடைய வசதிக்குத் திறக்கிறது என்பதில்தான் எனக்கு வழக்கு.

செபாங்குக்கு ஆறு மாதம் முன்பு சிங்கப்பூர் இதே ஆசையை வேறு விதமாகக் கையாண்டது. 2008 செப்டம்பரில் நடந்த அந்த முதல் இரவுப் பந்தயம் உள்ளூர் நேரம் 8 மணிக்குத் தொடங்கியபோது லண்டனில் பகல் 1 மணி. அங்கேயும் நோக்கம் ஐரோப்பியப் பார்வையாளர்தான். ஆனால் அதற்கான விலையை ஏற்பாட்டாளர்களே கொடுத்தார்கள். மெரினா பே தெருக்கள் நெடுகிலும் விளக்குகளைக் கட்டினார்கள். வெயில் தணிந்த நேரம் உள்ளூர்க்காரருக்கும் ஒத்து வந்தது. விளக்கொளியில் மின்னும் கார்கள் என்ற அந்தக் காட்சி, ரிமோட்டை அமுக்கிக்கொண்டே போகிறவரையும் ஒரு கணம் நிறுத்தும். செபாங்கில் செலவை மழையின் தலையில் கட்டினார்கள். நேரத்தை மாற்றுவதே பிழை என்று நான் சொல்ல வராததற்குக் காரணம் சிங்கப்பூர்.

ஜப்பானின் சுசுகாவை அப்படி எளிதாகப் பேச முடியவில்லை. 2014 அக்டோபரில், புயல் நெருங்கிக்கொண்டிருந்த நாளில், பந்தயம் பிற்பகல் 3 மணிக்குத் தொடங்கியது. மழையும் மங்கிய வெளிச்சமுமாக இருந்தபோது ஜூல் பியாங்கியின் கார் மீட்பு வாகனத்தில் மோதியது. 2015 ஜூலையில் அவர் இறந்தார். மஞ்சள் கொடி காட்டிய இடத்தில் வேகம் போதிய அளவு குறைக்கப்படவில்லை என்பதை விசாரணைக் குழு அழுத்திச் சொன்னது. ஆகவே பழியைக் கடிகாரத்தின் மேல் போட்டுவிட முடியாது. ஆனாலும் இரவுப் பந்தயங்கள் தவிர மற்றவை சூரியன் மறைய நான்கு மணி நேரத்துக்கு முன்பே தொடங்க வேண்டும் என்று அதே குழு பரிந்துரைத்தது. 2015இல் சுசுகாவில் 2 மணிக்கே தொடங்கினார்கள். ஐரோப்பிய ரசிகர் ஒரு மணி நேரம் முன்னதாக எழுந்துகொண்டார். அதற்காக விளையாட்டு அழிந்துவிடவில்லை.

காட்டும் கலையில் ஃபார்முலா 1 நிறையவே தேறியிருக்கிறது. திரையின் ஓரத்தில் மூன்றெழுத்துப் பெயர்களோடு இறங்கும் வரிசை, டயரின் வண்ணக் குறி, காருக்குள்ளிருந்து எடுக்கும் காட்சி எல்லாம் புதியவருக்குக் கைகாட்டிகள். எல்லாவற்றையும்விடப் பெரிது, வீரரும் அணியும் பேசிக்கொள்ளும் ரேடியோ. ஹெல்மெட்டுக்குள் மறைந்த மனிதனுக்கு அந்தக் குரல்தான் முகம். தொழில்நுட்பம் இவ்வளவு இருந்தும் எதைக் காட்டுவது என்ற ஒரு மனிதரின் முடிவில் எல்லாம் கெட்டுப்போவதும் உண்டு. 2021 மொனாக்கோவில் வெட்டலும் காஸ்லியும் சக்கரத்தோடு சக்கரம் உரசுகிற நெருக்கத்தில் மேடேறியபோது, உள்ளூர் ஒளிபரப்பு இயக்குநர் லான்ஸ் ஸ்ட்ரோலின் மறுகாட்சிக்குத் தாவினார். முந்திச் செல்வதே அபூர்வமான ஊரில் இப்படி! 2023இல் அந்த ஒளிபரப்பை ஃபார்முலா 1 தன் கைக்கு எடுத்துக்கொண்டது. நோய் அதோடு தீரவில்லை. 2025 சிங்கப்பூர் பந்தயத்துக்குப் பிறகு கார்லோஸ் சைன்ஸ், வீரர்களின் காதலிகளையும் பிரபலங்களையும் காட்டுவதில் முந்தல்களைக் கோட்டைவிடுகிறார்கள் என்று வெளிப்படையாகவே குறைபட்டார்.

முகங்களைக் காட்டும் இந்த ஆர்வம் நெட்ஃபிளிக்ஸ் தந்த பாடம். 2019இல் வந்த ‘டிரைவ் டு சர்வைவ்’ தொடரின் முதல் பருவத்தில் மெர்சிடிஸும் ஃபெராரியும் கேமராவை உள்ளே விடவில்லை. அதனால் கடைசி வரிசைக்காரர்களின் பாடு கதையானது, ஹாஸ் அணியின் குந்தர் ஸ்டைனர் நட்சத்திரமானார். வெற்றி பெறாதவரையும் ஒருவர் நேசிக்க முடியும் என்று அது காட்டியதை நான் பெரிதாகவே மதிக்கிறேன். இல்லாத பகையை ஜோடிக்கிறார்கள் என்று வெர்ஸ்டாப்பன் சில காலம் ஒதுங்கி நின்றதும் நியாயம்தான். தொடரில் கண்ட சண்டையை ஞாயிற்றுக்கிழமை தேடுகிறவருக்குப் பெரும்பாலும் கிடைப்பது டயரைப் பத்திரப்படுத்தும் ஐம்பது சொச்சம் சுற்றுகள்.

அந்த ஞாயிறும் பூட்டிய கதவுக்குப் பின்னால். பிரிட்டனில் 2019 முதல் நேரலை முழுக்கக் கட்டணச் சேனலான ஸ்கையிடம். சேனல் 4இல் இலவசமாகக் கிடைப்பது தொகுப்பும் உள்ளூர்ப் பந்தயமும்தான். ஷூமாக்கரை வீடுதோறும் கொண்டுசேர்த்த ஜெர்மனியின் ஆர்டிஎல்லில் 2021 முதல் சில பந்தயங்களே மிஞ்சின. அதே 2021 டிசம்பரில், ஹாமில்டனும் வெர்ஸ்டாப்பனும் சமப் புள்ளிகளோடு அபுதாபிக்கு வந்தபோது ஸ்கை அந்த ஒரு நாள் நேரலையைச் சேனல் 4 உடன் பகிர்ந்துகொண்டது. கதவைத் திறந்தால் கூட்டம் வரும் என்பது தெரிந்துதான் செய்தார்கள். இந்தியாவிலோ, நெட்ஃபிளிக்ஸ் ஆசை காட்டி முடித்த 2023இல் பந்தயத்தைப் போட ஒரு சேனலும் இல்லை. மறு ஆண்டு ஃபேன்கோட் செயலி வந்தது. ஐரோப்பியப் பந்தயங்கள் நமக்குப் பெரும்பாலும் ஞாயிறு மாலை ஆறரை மணி. வீட்டு டிவியில் புதுப்படம் ஓடும் நேரம் அது; பந்தயம் பார்ப்பவர் கைபேசியோடு மூலையில் ஒதுங்குகிறார். அப்பா பார்ப்பதைப் பிள்ளை எட்டிப் பார்த்துப் பழகும் வழி அங்கே அடைபடுகிறது. எந்தக் கணக்கெடுப்பிலும் இந்த நஷ்டம் வராது.

அமெரிக்காவில் 2026 முதல் உரிமை ஆப்பிளிடம். பயிற்சி ஓட்டங்கள் அனைத்தும், தேர்ந்தெடுத்த சில பந்தயங்களும் இலவசம் என்று அறிவித்திருக்கிறார்கள். அந்தச் சிலவற்றைப் பலவாக்கினால் நல்லது. பயிற்சி ஓட்டத்தைப் பார்த்து ரசிகரானவர் ஒருவரையும் நான் இதுவரை சந்தித்ததில்லை.