மஅர்ரீயும் அவரைப் படியாதவர்களும்

ஸிரியாவில் ஹலப் நகருக்குத் தெற்கே மஅர்ரத்துந் நுஃமான் என்றோர் ஊர் உண்டு. அங்கே நின்ற ஒரு மார்பளவுச் சிலையின் தலையை 2013 பிப்ரவரியில் ஆயுதமேந்திய குழுவினர் துண்டித்தனர். சிலை, அவ்வூரில் பிறந்து அவ்வூரிலேயே மறைந்த கவிஞர் அபுல் அலா அல்மஅர்ரீயுடையது. சிலை வைப்பது கூடுமா என்னும் மார்க்கச் சட்ட விவாதம் நமக்கு இங்கே தேவையில்லை. அச்செய்தியையொட்டி எழுந்த இரண்டு குரல்களே நம் கவனத்துக்குரியவை. ஒரு ஸிந்தீக்குக்குத் தக்கது கிடைத்தது என்றனர் சிலர். அரபுலகின் மாபெரும் நாத்திகர் ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் பலியானார் என்றனர் வேறு சிலர். முதற்குரலினர் அவரை வெறுத்தனர். இரண்டாம் குரலினர் அவரைக் கொண்டாடினர். இருசாராரும் அவரைப் படிக்கவில்லை என்பதே நம் கருத்து.

மஅர்ரீ பிறந்தது கி.பி. 973 (ஹிஜ்ரி 363). நான்கு வயதில் பெரியம்மை அவர் பார்வையைப் பறித்தது. முப்பத்தைந்து வயதளவில் பக்தாத் சென்று ஏறத்தாழ ஒன்றரை ஆண்டுகள் தங்கினார். அங்கே நிலைக்க முடியாமல், தாயின் நோய்ச் செய்தியும் சேரவே ஊர் திரும்பினார். தாயை உயிரோடு காண வாய்க்கவில்லை. அதன் பின் 1057இல் இறக்கும்வரை வீட்டைவிட்டு அதிகம் வெளியே வராமல், புலால், பால், முட்டை, தேன் ஆகியவற்றையும் விலக்கி வாழ்ந்தார். பார்வையின்மை ஒன்று, வீடு ஒன்று என இரு சிறைகளின் கைதி எனத் தம்மைத் தாமே அழைத்துக்கொண்டார். 1047இல் அவ்வூர் வழியே சென்ற பாரசீகப் பயணி நாஸிர் குஸ்ரோ, இருநூறுக்கும் மேற்பட்டோர் அவரிடம் பாடம் கேட்க வந்து கூடியிருந்தனர் என்று தம் பயணநூலில் எழுதுகிறார். ஸிந்தீக் என்று ஊரே ஒதுக்கிய ஒருவரின் வாசலில் இத்தனை மாணவர்கள் கூடியிருக்க இயலுமா என்பதை வாசகர் எண்ணிப் பார்க்கலாம்.

இங்கே சொற்களைப் பற்றி ஒரு வார்த்தை. அரபியில் தஹ்ரீ, முல்ஹித், ஸிந்தீக் என்பன தனித்தனி வரலாறுடைய சொற்கள். காலமே எல்லாவற்றையும் அழிக்கிறது, அதற்கப்பால் ஒன்றுமில்லை என்பவன் தஹ்ரீ. நேர்வழியிலிருந்து சாய்ந்தவன் முல்ஹித். ஸிந்தீக் என்பதோ மானீயின் சமயத்தாரைச் சுட்டப் பிறந்து, பின்னர் அரசுக்கு வேண்டாதவர் எவர்மீதும் எறியக்கூடிய கல்லாக மாறிய சொல். தமிழில் எழுதும் நாம் இம்மூன்றையும் 'நாத்திகன்' என்ற ஒரே பையில் போட்டுக் கட்டிவிடுகிறோம். 'எனக்குத் தெரியவில்லை' என்று நிற்பவனுக்கு அந்தப் பையில்கூட இடமில்லை. இத்தனைக்கும் நம் மதரஸாக்களில் தஃப்தாஸானீ (ரஹ்) அவர்களின் ஷர்ஹுல் அகாயிதைத் திறந்தவுடனேயே லா அத்ரிய்யா என்ற பிரிவினரைச் சந்திக்கிறோம். உண்மையை மறுப்பவர், உண்மை அவரவர் எண்ணத்தைப் பொறுத்தது என்பவர், தெரியாது என்பவர் என மூவரையும் அந்நூல் பிரித்தே பேசுகிறது. மறுப்பதற்காகத்தான் பிரிக்கிறது, ஆனால் பிரித்துவிட்டு மறுக்கிறது. அந்தப் பொறுமையைத்தான் நாம் இழந்திருக்கிறோம்.

மஅர்ரீயை எந்தப் பிரிவில் வைப்பது? லுஸூமிய்யாத் என்ற அவருடைய பெருந்தொகுப்பைக் கையிலெடுப்பவருக்கு முதல் இடர் இதுதான். பெயரே ஒரு குறிப்பு: 'கட்டாயமல்லாததைக் கட்டாயமாக்கிக்கொள்ளுதல்' என்பது அதன் பொருள். யாப்பு ஓர் எழுத்தில் இயைபு கேட்டால் இவர் அதற்கு முந்திய எழுத்திலும் இயைபைத் தமக்குத் தாமே விதித்துக்கொண்டார். உணவில் விதித்துக்கொண்ட நோன்பைப் பாட்டிலும் விதித்துக்கொண்டார் எனலாம். தொகுப்பு இயைபெழுத்தின் வரிசையில் அடுக்கப்பட்டுள்ளதேயன்றிக் கால வரிசையில் அன்று. ஆகவே இளமையில் நம்பினார், முதுமையில் மறுத்தார் என்றோ, ஐயுற்று அலைந்து கடைசியில் திரும்பினார் என்றோ எவரும் நிறுவ முடியாது. படைத்தவன் ஒருவன் என்று தலைதாழ்த்தும் பாட்டுக்கு அருகிலேயே, எல்லாச் சமயத்தாரும் தந்தையர் வழி வந்ததைப் பற்றித் தொங்குகின்றனர் என்று இகழும் பாட்டு இருக்கிறது. ஹஜ்ஜின் கிரியைகளைக் குத்திப் பேசும் அடிகள் உண்டு. மறுமை இல்லை என்னும் சோதிடனிடமும் மருத்துவனிடமும், நீங்கள் சொல்வது மெய்யானால் எனக்கு நட்டமில்லை, நான் சொல்வது மெய்யானால் நட்டம் உங்களுக்கே என்று மடக்கும் அடிகளும் உண்டு. எடுப்பவர் கைக்குத் தகுந்தது கிடைக்கும். இக்காலத்தில் ஆங்கில வழியே பரவும் மஅர்ரீ பெரும்பாலும் இப்படிப் பொறுக்கியெடுத்தவர்தாம்.

நம்மவர் செய்ததும் இதற்குக் குறைந்ததன்று. இஸ்லாத்தின் பெரும் ஸிந்தீக்குகள் மூவர் என்று எண்ணி இப்னுர் ராவந்தீ, அபூ ஹய்யான் அத்தவ்ஹீதீ ஆகியோருடன் மஅர்ரீயையும் சேர்த்தவர் இப்னுல் ஜவ்ஸீ (ரஹ்). அல்ஃபுஸூல் வல்காயாத் என்ற நூலை அவர் குர்ஆனுக்குப் போட்டியாக இயற்றினார் என்பது நெடுங்காலக் குற்றச்சாட்டு. நாஸிர் குஸ்ரோவின் காதிலேயே அது விழுந்திருக்கிறது. 1938இல் அந்நூலின் கிடைத்த பகுதி கெய்ரோவில் அச்சாயிற்று. படித்துப் பார்த்தால் அது இறைவனைப் புகழ்வதும் மனத்தை எச்சரிப்பதுமான உரைநடை. அதன் முழுத் தலைப்பே அதைத்தான் கூறுகிறது. தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு நெருங்க ஒரு நூலின் பெயரைச் சொல்லி ஒருவரைத் தூற்றியவர்களில் எத்தனை பேர் அதைப் புரட்டிப் பார்த்திருப்பார்கள்?

ஆனால் அவரை முழுக்க வெளுத்துக் காட்டுவதும் நமக்கு உடன்பாடில்லை. ஹலபின் வரலாற்றாசிரியர் இப்னுல் அதீம் (இறப்பு 1262) அவருக்காக ஒரு தனி நூலே எழுதி, அவர்மீது இழைக்கப்பட்ட அநீதியை விலக்க முயன்றார். நல்ல உள்ளம், நல்ல ஆவணம். எனினும் உறுத்தும் அடிகளையெல்லாம் பகைவர் புனைந்தவை என்று தள்ளும் வாதம் லுஸூமிய்யாத்தின்முன் நில்லாது. அவை அவருடையவையே, அவருடைய கடுமையான இயைபுக் கட்டுப்பாட்டோடு அவை அமைந்திருக்கின்றன. ஈமானுள்ள ஒருவனை அவை நோகச் செய்யும். நோகவில்லை என்று நடிப்பது மரியாதையாகாது.

அப்படியானால் ஐயுறுபவர்க்கு நாம் செலுத்தும் மரியாதை எது? இதற்கு மஅர்ரீயின் வாழ்விலேயே இரு சான்றுகள் உள்ளன. ஒன்று அவர் பெற்றது, மற்றொன்று அவர் அளித்தது.

பெற்றதை முதலில் பார்ப்போம். அவருடைய இறுதி நாட்களில் ஃபாத்திமிய்ய ஆட்சியின் தலைமை அழைப்பாளர் முஅய்யத் ஃபித்தீன் அஷ்ஷீராஸீ கெய்ரோவிலிருந்து அவருக்கு எழுதினார். அறிவும் மார்க்கமும் நோயுற்றவன் என்னிடம் வரட்டும் என்ற கருத்தில் மஅர்ரீ பாடியிருந்ததைப் பற்றிக்கொண்டு, நோயாளி நானே, மருந்து கேட்டு வந்திருக்கிறேன் என்று தொடங்கினார். பிறகு கேள்வி: நீங்கள் புலாலை ஏன் விலக்கினீர்கள்? விலங்குகள் ஒன்றையொன்று உண்ணுமாறு படைத்தவனைவிட நீங்கள் இரக்கமுள்ளவரா? இது கூர்மையான கேள்வி. உள்ளே பொறியும் உண்டு. மஅர்ரீயின் விடையோ பணிவில் தொடங்குகிறது. நான்கு வயதில் பார்வை போன தமக்கு முதிர்ந்த ஒட்டகத்துக்கும் குட்டிக்கும் வேற்றுமை தெரியாது என்கிறார். பின்னர், நன்மையை மட்டுமே நாடுபவன் இறைவன் என்றால் இவ்வுலகில் தீமை எங்கிருந்து வந்தது என்ற பழைய வினாவை மெல்ல எடுத்து வைக்கிறார். தம் ஆண்டு வருமானம் இருபத்துச் சொச்சம் தீனார்தாம், அதிலும் பணியாள் எடுத்ததுபோக மிஞ்சுவதற்குப் பருப்பும் அவரையும் போதும் என்றும் சொல்லிவிடுகிறார். அழைப்பாளர், ஹலபின் ஆளுநருக்கு எழுதி நல்லுணவுக்கு ஏற்பாடு செய்கிறேன் என்கிறார். இவர் மறுக்கிறார். அவர் விடாமல், காரணம் பொருளாதாரமா கொள்கையா என்று மீண்டும் கேட்கிறார்.

இக்கடிதங்களை யாகூத் (இறப்பு 1229) தம் இலக்கியவாணர் அகராதியில் பாதுகாத்துத் தந்தார். அழைப்பாளருக்கு அஞ்சி மஅர்ரீ நஞ்சுண்டு மாண்டார் என்றொரு கதை கிளம்பியிருந்தது. கடிதங்களைப் படிப்பவர் அதை நம்பார். அழைப்பாளர் தம் கொள்கையில் ஓர் அணுவும் விட்டுக்கொடுக்கவில்லை. எதிரியின் வாதத்தை இளக்கி எழுதவுமில்லை. ஷைகு என்றே விளிக்கிறார்; பதில் வரும்வரை காத்திருக்கிறார்; பதிலைப் படித்து அதற்கே பதில் எழுதுகிறார். அவருடைய இஸ்மாயீலிக் கொள்கை நம்முடையதன்று. இருந்தும் இந்த நடைமுறையில் நமக்குக் கற்க இருக்கிறது. மஅர்ரீ முழு விடை தரவில்லை, நழுவினார் என்றே நமக்குத் தோன்றுகிறது. மரணம் வந்து அவ்விவாதத்தை முடித்தது.

அவர் அளித்தது ரிஸாலத்துல் குஃப்ரானில் இருக்கிறது. ஹலபைச் சேர்ந்த இப்னுல் காரிஹ் என்ற முதிய இலக்கியவாதி எழுதிய மடலுக்கு 1033ஆம் ஆண்டளவில் விடுத்த பதில் அது. அம்மடலில் அவர் ஸிந்தீக்குகளை வரிசையாகப் பெயர் சொல்லிச் சாடியிருந்தார். மஅர்ரீக்கு அது மறைமுகக் குத்தலாகவும் பட்டிருக்கலாம். மஅர்ரீ என்ன செய்தார்? சாடியவரைக் கற்பனையில் சுவர்க்கத்துக்கே அனுப்பிவைத்தார். அங்கே அவர் ஜாஹிலிய்யாக் காலக் கவிஞர்களையும் கிறித்தவரான அதீ இப்னு ஸைதையும் கண்டு வியந்து, உமக்கு எதனால் மன்னிப்புக் கிடைத்தது என்று ஒவ்வொருவராக விசாரித்துச் செல்கிறார். எல்லோரையும் வசைபாடிய ஹுதைஆ சுவர்க்கத்தின் ஓரத்தில் ஓர் எளிய குடிலில் இருக்கிறார். தம்மையே இகழ்ந்து பாடிய பாட்டில் உண்மை சொன்னதற்காகவாம் மன்னிப்பு! இவ்விடத்தில் சிரிக்காதவர் அரபி இலக்கியம் படிக்க வேண்டியதில்லை.

மனக்கண்ணில் நிற்கும் இடம் வேறொன்று. பஷ்ஷார் இப்னு புர்து ஸிந்தீக் என்ற பழியோடு கொல்லப்பட்ட கவிஞர். கதைப்பகுதியில் அவரை மஅர்ரீ நரகத்தில் வைக்கிறார். நூலின் பிற்பகுதியில், இப்னுல் காரிஹின் பட்டியலுக்கு நேரடியாக மறுமொழி சொல்லும்போதோ, பஷ்ஷார் நரகவாசி என்று தாம் தீர்ப்பளிக்கவில்லை, முன்பு கூறியது அல்லாஹ்வின் நாட்டத்துக்கு உட்பட்டதே, அவன் பொறுமையாளன், கொடையாளன் என்ற கருத்தில் எழுதிச் செல்கிறார். இதே பகுதியில் இப்னுர் ராவந்தீயின் நூல்களை, ஒவ்வொரு தலைப்பையும் சிலேடையாக்கி, கிழித்துப் போடுகிறார். நூலுக்கு இரக்கமில்லை, ஆளின் மறுமையில் கைவைக்கவில்லை. தீர்ப்பு நாள் யாருடையது என்பதை ஐயவாதி என்று பெயர் பெற்றவர் நினைவில் வைத்திருந்தார்.

நம் இல்லங்களில் இன்று கல்லூரிக்குச் செல்லும் பிள்ளைகள் சிலர் 'எனக்குத் தெரியவில்லை அத்தா' என்று சொல்லத் தொடங்கியுள்ளனர் என்பது ஆசிரியப் பணியிலுள்ள நமக்குத் தெரிந்ததே. கேள்வி முடியுமுன் பெயர் சூட்டிவிடுவது எளிது. இமாம் மாலிக் (ரஹ்) அவர்களிடம் கேட்கப்பட்ட பல வினாக்களில் பெரும்பாலானவற்றுக்கு லா அத்ரீ என்றே விடையளித்தார்கள் என்ற செய்தியை நாம் மேடைதோறும் பெருமையோடு சொல்கிறோம். அறிஞர் சட்ட வினாவுக்குத் தெரியாது என்பதும், இளைஞன் இறைவனைப் பற்றித் தெரியாது என்பதும் ஒன்றல்ல. ஆயினும் இரண்டிலும் பொய் சொல்லாமை இருக்கிறது. அதற்குரிய பதில் வாதம்தான். அவனை வீட்டைவிட்டு ஒதுக்கி வைத்தல் அன்று. மறுதரப்பினர் வணங்குபவற்றை ஏசுவதையே அன்ஆம் அத்தியாயத்தின் 108ஆம் வசனம் தடுத்திருக்க, வணங்கத் தயங்கும் பிள்ளையை ஏசுவதற்கு நமக்கு எங்கிருந்து அனுமதி வந்தது?

பார்வையற்றவரான தாஹா ஹுஸைன் 1914இல் தம் முனைவர் பட்ட ஆய்வுக்கு மஅர்ரீயைத் தேர்ந்துகொண்டது புரிகிறது. அதைவிட நம்மைக் கவர்வது, பின்னாளில் குர்ஆன் விரிவுரையாளராகப் புகழ்பெற்ற ஆயிஷா அப்துர் ரஹ்மான், அதாவது பின்துஷ் ஷாத்தி, அதே மஅர்ரீயின் குஃப்ரானைத் தம் ஆய்வுக்கு எடுத்து 1950இல் செம்பதிப்பாக்கியது. நம் அரபிக் கல்லூரிகளில் ஹரீரியின் மகாமாத்தும் முதனப்பியின் திவானும் பாடமாக உள்ளன. அவற்றோடு குஃப்ரானில் ஹுதைஆவின் குடிலையும் பஷ்ஷாரைப் பற்றிய பத்தியையும், யாகூத் தந்த கடிதங்களில் இரண்டையும் சேர்க்கலாம். சொற்கள் கரடுமுரடானவை, பின்துஷ் ஷாத்தியின் அடிக்குறிப்புகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் இறுதியாண்டு மாணவருக்கு மூன்று வாரத்தில் முடியும்.