என்டர் தட்டினால் உடனே அமல்

சிஸ்கோ ரூட்டர்களின் ஐஓஎஸ் கட்டளை வரியைப் பற்றி "நிறைய மனப்பாடம் பண்ணணும்" என்கிறார்கள். அது நியாயமான குறை இல்லை. கேள்விக்குறி போட்டால் அடுத்து என்ன அடிக்கலாம் என்று அதுவே சொல்லும். 'கான்ஃப் டி' என்று சுருக்கினாலும் புரிந்துகொள்ளும். என் குறை வேறு. என்டர் தட்டிய நொடியே அந்த வரி அமலுக்கு வந்துவிடுகிறது.

யாரை விடலாம், யாரைத் தடுக்கலாம் என்று சொல்லும் ஆக்சஸ் லிஸ்ட்டைப் பாருங்கள். 101-இல் 20 வரி இருக்கு, ஒன்றை மட்டும் நீக்கணும். அந்த வரிக்கு முன்னால் 'நோ' சேர்த்து அடிப்போம், இல்லையா? பழைய ஐஓஎஸ்ஸில் போவது அந்த ஒரு வரி அல்ல, 101 முழுசும். எச்சரிக்கை கிடையாது. இன்டர்ஃபேஸில் 101 என்ற எண் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும். இல்லாத பட்டியலை ஐஓஎஸ் "எல்லாம் போகலாம்" என்றே எடுத்துக்கொள்ளும். வாட்ச்மேன் போய்விட்டார், நாற்காலி மட்டும் கேட்டில் கிடக்கு.

தூரத்து ரூட்டரில் கை வைப்பவர்கள் 'ரீலோட் இன் 10' போட்டுவிட்டுத்தான் தொடங்குவார்கள். இணைப்பு அறுந்தால் 10 நிமிஷத்தில் பெட்டி ரீஸ்டார்ட் ஆகி, சேமித்த பழைய கான்ஃபிக்கோடு எழும். சாமர்த்தியம்தான். ஆனா ஒரு வரியைத் திருப்ப, மொத்த ஆபீஸ் நெட்டையும் அணைக்கணுமா?

ஜூனிபரின் ஜூனோஸில் மாற்றங்கள் முதலில் வரைவாகவே நிற்கும். 'கமிட் கன்ஃபர்ம்டு' கொடுத்து 10 நிமிஷத்துக்குள் உறுதி செய்யாவிட்டால் தானாகப் பழையபடி ஆகிவிடும், பெட்டி அணையாமலே. பின்னாளில் ஐஓஎஸ்ஸிலும் டைமர் வைத்துத் திருப்பும் வசதி வந்தது. ஆனா அதை நாமாகத் தேடிப் போய் ஆன் செய்யணும்.