மூன்றாய் மடியும் மரப்படி

பல அமெரிக்க வீடுகளின் நடைவழியில் சற்று அண்ணாந்து பாருங்கள். உட்கூரையில் ஒரு நீள்சதுரப் பலகை, அதிலிருந்து தொங்கும் ஒரு கயிறு. கயிற்றை இழுத்தால் பலகை சரிந்து இறங்கும். அதன் முதுகில் மூன்றாய் மடிந்து படுத்திருந்த ஏணி, மடிப்பு மடிப்பாக விரிந்து தரையில் காலூன்றும். கூரைக்கடியில் இருக்கும் அட்டிக் என்னும் பரணுக்கு அதுவே வழி.

அதன் அளவே ஓர் அழகு. பல வீடுகளில் உட்கூரை உத்திரங்களின் இடைவெளி மையத்துக்கு மையம் 24 அங்குலம். ஒவ்வொன்றின் கனம் ஒன்றரை அங்குலம். மிஞ்சுவது 22½ அங்குலம். அந்தச் சின்ன இடைவெளிக்குள், ஓர் உத்திரத்தையும் அறுக்காமல், ஒரு முழுப் படிக்கட்டும் அடங்கிவிடுகிறது!

அந்தப் பலகைக் கதவின் இருபுறமும் உள்ள ஸ்பிரிங்குகளைக் கவனியுங்கள். கதவு இறங்கும்போது நீண்டு, ஏறும்போது சுருங்கி, பாரத்தை நம் கையிலிருந்து மெல்ல வாங்கிக்கொள்கின்றன. ஒன்று தளர்ந்தால் இரண்டையும் சேர்த்தே மாற்றுவார்கள் தேர்ந்த தச்சர்கள். இணை பிரிந்தால் கதவு ஒரு பக்கம் கோணிவிடும்.

படிகளின் அடியையும் குனிந்து பார்க்கத்தான் வேண்டும். பக்கச் சட்டங்களில் காடி வெட்டி, அதில் படிப்பலகையைப் பொருத்தி, கீழே குறுக்காக ஓர் எஃகுக் கம்பியை ஓட்டியிருப்பார்கள். அந்த மெல்லிய கம்பிதான் இரு சட்டங்களையும் விலகவிடாமல் இழுத்துப் பிடிக்கிறது.

எனக்கு உயிரான இடம் மடிப்பு மூட்டு. விரிந்து நிற்கையில் மேல்சட்டத்தின் முனையும் கீழ்சட்டத்தின் முனையும் ஒரு தாள்கூட நுழையாதபடி முட்டி நிற்க வேண்டும். அப்போது ஏறுபவரின் பாரம் மரத்திலிருந்து மரத்துக்கு இறங்கித் தரையைச் சேரும். கீலுக்கு மடங்குவது மட்டுமே வேலை, சுமப்பது மரம். அங்கே மயிரிழை இடைவெளி விழுந்தாலும் பாரம் கீலின் தலையில் ஏறி, தகடு வளைந்து, ஆணி நெகிழும். கீலின் நட்டுகளை அவ்வப்போது முடுக்கினால் போதும்; மூட்டு மடங்க மறுக்கும் அளவுக்கு இறுக்கிவிடக் கூடாது. அந்தப் பதம் விரல் நுனிக்குத் தெரியும்.

ஏணியின் காலை அறுப்பதுதான் இதில் நுணுக்கத்தின் நுணுக்கம். கடைசிப் பகுதியை மடித்து வைத்து, நடுப்பகுதியின் முனையிலிருந்து தரைவரை, சட்டத்தின் முன்விளிம்பை ஒட்டி ஓர் அளவு, பின்விளிம்பை ஒட்டி ஓர் அளவு எடுக்கிறார்கள். இரண்டும் ஒன்றாக இருப்பதில்லை. அந்த வேறுபாட்டில்தான் ஏணியின் சாய்வு ஒளிந்திருக்கிறது. இரு அளவையும் கடைசிப் பகுதியில் குறித்து, கோடிழுத்து அறுத்தால், சாய்ந்த கால் தரையோடு முழுவதுமாகப் படிந்து நிற்கும். எவ்வளவு எளிமை, எவ்வளவு நேர்த்தி! நீண்டு போனாலும் குறைந்து போனாலும் மேலே மூட்டு வாய் பிளந்துவிடும். தடித்த கம்பளத்தை எடுத்துவிட்டு மரத்தளம் போட்ட வீடுகளில் இந்தக் காலைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அளவு அங்கே மாறியிருக்கும்.