சொந்தபந்தம் தெரிந்த மென்பொருள்

குடும்ப வரலாறு எழுத வேண்டும் என்று யார் சொன்னாலும் நான் கைகாட்டுவது கிராம்ப்ஸைத்தான். டான் ஆலிங்ஹாம் 2001-இல் பைத்தானில் எழுதத் தொடங்கிய வம்சாவளி மென்பொருள் இது. காசு கிடையாது, மூல நிரலையும் யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கலாம். இதன் தரவு அமைப்பு இருக்கிறதே, என்ன அழகு!

இங்கே ஆளுக்கு ஒரு பதிவு, குடும்பத்துக்குத் தனியாக ஒரு பதிவு. ஒவ்வொரு பதிவுக்கும் 'ஹேண்டில்' என்று மாறாத அடையாளக் குறி ஒன்று உண்டு. என் பதிவில் அப்பா பெயர் எழுதியிருக்காது. நான் பிறந்த குடும்பத்தின் குறிதான் இருக்கும். இதன் அருமை நம் வீடுகளில்தான் புரியும். என் பாட்டி கட்டிக்கொண்டது சொந்தத் தாய்மாமனை. தாளில் வரைந்தால் தாத்தாவை இரண்டு இடத்தில் எழுத வேண்டும். கிராம்ப்ஸில் அவருக்கு ஒரே பதிவு: ஒரு குடும்பத்தில் பிள்ளை, இன்னொன்றில் கணவர். அத்தை மகன், மாமன் மகள் என்று உறவு எத்தனை முறை சுற்றி வந்து சேர்ந்தாலும் முடிச்சு விழுவதில்லை. குடும்பப் பெயர் இல்லாத நமக்கு, அப்பா பெயரைத் தந்தைவழிப் பெயர் என்றே வகை குறித்துப் பதியவும் வசதி உண்டு.

ஊர்களைக் கையாளும் விதம் இன்னும் பிரமாதம். மயிலாடுதுறை 1991 வரை தஞ்சாவூர் மாவட்டம், பிறகு நாகப்பட்டினம் மாவட்டம், 2020 முதல் தனி மாவட்டம். ஊரை ஒரே பதிவாக வைத்து, எந்தக் காலத்தில் எதற்குள் இருந்தது என்று தேதியோடு இணைத்துவிடலாம். தேதியிலும் அதே பெருந்தன்மை. "தாது வருஷப் பஞ்சத்தில் பிறந்தவர்" என்று மட்டும் தெரிகிறதா? 1876-க்கும் 1878-க்கும் இடையில் என்று பதியுங்கள். அதையும் வரிசையில் சரியான இடத்தில் வைத்துவிடும்.

இத்தனையும் நம் கணினியிலேயே, எஸ்க்யூலைட் தரவுத்தளத்தில் இருக்கிறது. 2025-இல் வந்த 6.0 பதிப்பில் பதிவுகளை ஜேசன் வடிவில் சேமிக்கிறார்கள். மற்ற நிரல்களாலும் எளிதாகப் படிக்க முடியும். வேறு மென்பொருளுக்குப் போக நினைத்தால் ஜெட்காம் கோப்பாக ஏற்றுமதி செய்துகொள்ளலாம். மார்மன் திருச்சபை 1984-இல் வெளியிட்ட அந்த வடிவம்தான் இன்றைக்கும் வம்சாவளி மென்பொருள்களுக்குப் பொது மொழி. நம் தாத்தா பாட்டியின் விவரம் எந்த நிறுவனத்திடமும் சிக்கிக் கிடக்காது.

விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடுகிறது. வருகிற ஞாயிற்றுக்கிழமையே வீட்டுப் பெரியவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து தொடங்கிவிடுங்கள். பெயரோடு ஊரையும், அதைச் சொன்னவர் யார் என்பதையும் மறக்காமல் பதியுங்கள். சான்றுக்கென்றே இதில் தனிப் பதிவு இருக்கிறது.