துரைமார் கிளப்பும் தமிழ்ப் பிள்ளையும்

ஒரு நாட்டின் பண்பாடு அந்நாட்டிலேயே வாழ்வார்க்கு எளிதில் புலனாவதில்லை. கடல் கடந்து வேற்று நாட்டில் தங்க நேர்ந்த பின்னரே, உண்ணும் உணவும் உடுக்கும் உடையும் பேசும் மொழியும் தமக்கே உரியவை என்ற உணர்வு மேலோங்குகிறது. மலாயாவில் வாழ்ந்த ஆங்கிலேயரும் இவ்வியல்புக்கு விலக்கானவர் அல்லர். அவர்கள் அங்குப் போற்றி வளர்த்த ஆங்கிலப் பண்பாடு அவர்களுக்கு என்ன பொருள் தந்தது? அவர்களுக்குக் கீழிருந்து உழைத்தவர்க்கு என்ன பொருள் தந்தது? இவ்விரு வினாக்களுள் முன்னதற்கு நன்கு விடை தரும் சிறுகதைத் தொகுதி ஒன்று, ஆயர் ஈத்தாம் என்னும் ஊரைக் களமாகக் கொண்டு ஆங்கிலத்தில் வெளிவந்துள்ளது.

ஆயர் ஈத்தாம் ஜொகூர் மாநிலத்துப் பத்து பகாட் மாவட்டத்தில் உள்ள சிறு நகரம். மலாய் மொழியில் அப்பெயர்க்குக் ‘கருநீர்’ என்பது பொருள். கோலாலம்பூரிலிருந்து சிங்கப்பூர் செல்லும் பழைய நெடுஞ்சாலையும், பத்து பகாட்டிலிருந்து குளுவாங் வழியாக மெர்சிங் செல்லும் சாலையும் இங்குச் சந்திக்கின்றன. வழிப்போக்கர் இறங்கித் தேநீர் அருந்தவும் மட்பாண்டம் வாங்கவும் பெயர் பெற்ற ஊர் இது.

இவ்வூரில் அமெரிக்கத் தூதரகம் ஒன்று இருந்ததாகக் கற்பனை செய்து, பால் தெரூ என்னும் அமெரிக்க எழுத்தாளர் 20 கதைகளைப் புனைந்தார். அவர் 1968 முதல் 1971 வரை சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்தவர். ‘தி கான்சல்ஸ் பைல்’ (தூதரின் கோப்பு) என்னும் அந்நூல் 1977-இல் வெளிவந்தது. தூதரகத்தை மூடிவிட்டுத் திரும்புமாறு அனுப்பப்பட்ட ஓர் அமெரிக்கரே பெரும்பாலான கதைகளைச் சொல்கிறார். அவர் ஆண்டவரும் அல்லர், ஆளப்பட்டவரும் அல்லர். கிளப்பில் துரைமாருடன் அமர்ந்து அருந்தும் உரிமை அவர்க்கு உண்டு. அவர்களுடைய பழம்பெருமையில் மட்டும் பங்கில்லை. இத்தகைய ஒருவரைக் கதைசொல்லியாக அமைத்தது ஆசிரியரின் கூர்த்த மதியைக் காட்டுகிறது.

கொடி இறங்கிய பின்

மலாயா 1957 ஆகஸ்டு 31-இல் விடுதலை பெற்றது. அரசு கைமாறிய பின்னும் கிளப்பு கைமாறவில்லை. தெரூவின் கதைகளில் வரும் ஆங்கிலேயர்க்கு ஆளுவதற்கு எதுவும் இல்லை. எஞ்சியவை டென்னிஸ் மைதானம், மாலை நேரத்து மது, உறுப்பினர் பட்டியல், நாடகக் குழு ஆகியவையே. அந்நாடகக் குழுவின் பெயர் ‘தென் மலேசிய அன்னாசிப் பயிரிடுவோர் சங்கம்’! அன்னாசிக்குப் பெயர்போன ஜொகூரில் இப்பெயர் வெறும் வேடிக்கையாகத் தோன்றலாம். ஆயின் அதனுள் ஒரு கருத்து அடங்கியுள்ளது. மேடையில் மட்டுமன்று, மேடையை விட்டு இறங்கிய பின்னும் இவர்கள் நடித்துக்கொண்டே இருக்கிறார்கள். பிறந்த ஊரில் ஆயிரவருள் ஒருவராக மறைந்திருக்க வேண்டியவர், ஆயர் ஈத்தாமில் ‘துரை’ என்னும் வேடத்தைக் களைய மனமின்றி வாழ்கிறார்.

‘டென்னிஸ் மைதானம்’ என்ற கதை இதற்குத் தக்க சான்று. ஷிமுரா என்னும் ஜப்பானியர் அவ்வப்போது ஊருக்கு வந்து கிளப்பில் ஆடுகிறார், நன்றாகவும் ஆடுகிறார். உறுப்பினர்க்கு அவரைக் காணவே வெறுப்பு. அவரைத் தோற்கடிக்க அவர்கள் யாரை ஏவுகிறார்கள்? பந்து பொறுக்கும் உள்ளூர்ப் பையனை! 1942-இல் ஜப்பானியரிடம் மலாயாவை இழந்த இனத்தின் மானத்தைக் காக்க, கிளப்பில் சமமாக அமர இடம் பெறாத ஒருவன் மட்டையைப் பிடிக்க வேண்டியிருக்கிறது. நேர்மையான ஆட்டமே ஆங்கிலப் பண்பாட்டின் உயிர் என்று பேசுவோர், அவ்வாட்டத்தையே சூழ்ச்சிக்குக் கருவியாக்குகிறார்கள். தொகுதியின் சிறந்த கதைகளுள் ஒன்றாக இதனைக் கருதலாம்.

சாமர்செட் மாம் 1926-இல் வெளியிட்ட ‘தி காசுவரினா ட்ரீ’ என்னும் தொகுதியிலும் மலாயாத் துரைமாரின் வாழ்வு இடம்பெற்றது. மாம் அவர்களுடைய காதலையும் கொலையையும் அவல நாடகமாக உயர்த்திக் காட்டினார். தெரூ அவ்வுயரத்திலிருந்து அவர்களை இறக்கி, சலிப்பும் சிறுமையும் நிறைந்த எளிய மாந்தராகக் காட்டுகிறார். அவ்வகையில் இந்நூல் மாமின் மலாயாவுக்கு எழுதப்பட்ட மறுப்புரை எனலாம்.

துரைமாரைப் பார்த்து நகைக்கும் தமிழர் சற்று நிதானிக்க வேண்டும். அயல்நாட்டில் தாயக வழக்கங்களை இறுகப் பற்றுவது ஆங்கிலேயர்க்கு மட்டும் உரிய குணமன்று. தோட்டந்தோறும் கோயில் எழுப்பித் தீமிதி நடத்திய தமிழரும் அதனையே செய்தனர். அவர்களுடன் சாதி வேலிகளும் கப்பலேறி வந்ததுண்டு. வேறுபாடு அதிகாரத்தில் உள்ளது. ஆங்கிலேயரின் வேலிக்குப் பின்னால் ஓர் அரசு நின்றது.

நூலின் குறை

மலாயரும் சீனரும் இந்தியரும் இந்நூலில் இடம்பெறாமல் இல்லை. ஆயினும் காலைப் பெரட்டில் பெயர் கொடுத்துப் பால்மரம் வெட்டச் சென்ற தமிழரின் கண்வழியே எக்கதையும் விரியவில்லை. ஆங்கிலப் பண்பாடு என்றால் கிளப்பு என்று தெரூ கொண்டதே இக்குறைக்குக் காரணம். கிளப்பு வாடியதும் அப்பண்பாடும் வாடியதாக நூல் முடிவு கட்டுகிறது. உண்மை அதுவன்று. அஃது ஏற்கனவே பள்ளிக்கூடத்தில் வேரூன்றிவிட்டது.

இதனை உணர்த்துவது கே. எஸ். மணியத்தின் ‘தி ரிட்டர்ன்’ (திரும்பி வருதல்) என்னும் நாவல். கெடா மாநிலத்துப் பீடோங்கில் 1942-இல் பிறந்த மணியம் 1981-இல் இதனை வெளியிட்டார். தமிழகத்திலிருந்து வந்த பெரியதாய் என்னும் பாட்டி, மருத்துவமனையில் துணி வெளுக்கும் தந்தை, ரவி என்னும் மகன் ஆகிய மூன்று தலைமுறையின் கதை இது. ரவி தமிழ்ப் பள்ளியிலிருந்து ஆங்கிலப் பள்ளிக்கு மாறுகிறான். மிஸ் நான்சி என்னும் ஆசிரியை கற்பிக்கும் ஆங்கிலம் அவனை ஏணிபோல் ஏற்றி, இங்கிலாந்து வரை அனுப்பி, ஆசிரியனாக்குகிறது. ஏற ஏற வீடு அவனுக்கு அயலாகிறது. சொந்த நிலத்தில் காலூன்றத் துடித்து மனம் பேதலிக்கும் தந்தையுடன் பேச அவனிடம் சொல் இல்லை.

இவ்விரு நூல்களையும் அருகருகே வைத்துப் படிக்கும்போது ஓர் உண்மை தெளிவாகிறது. ஆங்கிலப் பண்பாட்டைத் தம் உடைமை என்று எண்ணியவர்கள் அதன் ஓட்டைக் காத்துக் கிடந்தனர். உள்ளீட்டைப் பெற்றவர் வேலிக்கு வெளியே நின்ற பிள்ளைகள். அதற்கு அவர்கள் கொடுத்த விலை வீட்டு மொழி. தந்தையின் துயரத்தையும் மணியம் ஆங்கிலத்திலேயே எழுதினார் என்பது அப்பேற்றுக்கும் இழப்புக்கும் ஒருசேரச் சான்றாகிறது.

ஆயர் ஈத்தாமைப் படிக்கும் தமிழாசிரியர் பீடோங்கையும் உடன் படிப்பாராக. ஒரு பிள்ளைக்குப் பிறமொழியைக் கற்பிக்கும்போது, அவன் வீட்டு மொழி அவன் நாவில் நிற்பதற்கு யார் பொறுப்பு என்னும் வினாவை, தெரூவின் கிளப்பில் எவரும் எழுப்பவில்லை. மணியத்தின் நாவல் அதனை எழுப்பி வகுப்பறையின் வாயிலில் நிறுத்துகிறது.