விரல் ஒன்றுக்குப் பதினாலு சதவீதம்

"கைதாம்ப்பா வலை. வலை கிழிஞ்சா பொத்திக்கலாம். கை கிழிஞ்சா?"

பழவேற்காடு ஏரிக்கரையில் ஓர் இருளர் அக்கா என்னிடம் கேட்டது இது. இடுப்பளவு தண்ணியில் குனிந்து, பனையோலைப் பறியைப் பல்லால் கடித்துக்கொண்டு, ரெண்டு கையாலும் சேற்றைத் துழாவி இறால் பிடித்துவிட்டுக் கரையேறி உட்கார்ந்திருந்தார். வலது கையில் ஆள்காட்டி விரல் அடியோடு இல்லை. கெளுத்தி முள் குத்தி, வீங்கி, சீழ் வைத்து, ஒரு மாசம் கழித்து ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்களாம். "பெரிய அடியாக்கா?" என்றால், "ஒண்ணுமில்ல தம்பி, முள்ளு" என்கிறார்.

இந்தக் கட்டுரை அந்த "ஒண்ணுமில்ல" பற்றியது. உழைக்கிற உடம்பில் படுகிற பெருங்காயத்தை யார் எந்தச் சொல்லால் எழுதுகிறார்கள், அந்தச் சொல் யாரைக் குற்றவாளியாக்குகிறது, யாரைத் தப்பவிடுகிறது என்று பார்க்க வேண்டியிருக்கிறது. அதற்காக மூன்று பிரதிகளை எடுத்துக்கொள்கிறேன். ஒரு நாவல், ஓர் இன்சூரன்ஸ்காரர் எழுதிய புத்தகம், ஒரு சட்ட அட்டவணை. வேறுவேறு அலமாரியில் இருக்கிற இந்த மூன்றையும் ஏரிக்கரையில் உட்கார்ந்து வாசித்தால் ஒன்றுக்கொன்று சொந்தக்காரர்கள் என்பது தெரிகிறது.

1

முதலில் 'செம்மீன்'. தகழி 1956இல் எழுதியது. சுந்தர ராமசாமியின் மொழிபெயர்ப்பில் தமிழுக்கு வந்தது. 1965இல் ராமு காரியாட் படமாக எடுத்தார். கடலுக்குப் போகிறவனின் உயிர் கரையில் இருக்கிறவளின் கற்பில் இருக்கிறது என்கிற நம்பிக்கையின் மேல் கட்டிய கதை. கடைசியில் பழனி சுறாவோடு போராடிக் கடலில் சாகிறான். அதே ராத்திரி கறுத்தம்மா பரீக்குட்டியைச் சந்திக்கிறாள். படித்தவர்களும் பார்த்தவர்களும் இந்த ரெண்டையும் முடிச்சுப் போட்டுக் கண்ணீர் விட்டார்கள்.

நான் கேட்பது வேறு. பழனி அந்த ராத்திரி ஏன் தனியாகப் போனான்? கதையிலேயே பதில் இருக்கிறது. அவன் பெண்டாட்டியைப் பற்றி ஊர் வாய் பேசியதால் கூட வேலை செய்கிறவர்கள் அவனைத் தோணியில் சேர்க்கவில்லை. சேர்ந்து செய்ய வேண்டிய வேலையை ஒற்றை ஆளாகச் செய்யும்படி தள்ளிவைத்தார்கள். பெரிய மீன் தூண்டிலில் மாட்டும்போது துடுப்பைப் பிடிக்க இன்னொரு கை இல்லை. இதை ஒரு வேலைத்தல மரணமாக வாசித்தால் காரணம் ஊரின் விலக்கு. ஆனால் பிரதி நம்மைக் கறுத்தம்மாவின் படுக்கையைப் பார்க்க வைக்கிறது. ஊர் செய்ததைப் பெண்ணின் உடம்பில் எழுதிவிட்டுக் கடலம்மாவைச் சாட்சிக்குக் கூப்பிடுகிறது.

மலையாளக் கரையின் கதைதானே என்று விட்டுவிட முடியாது. தோணி கவிழ்ந்தால் "வீட்ல இன்னா தீட்டோ" என்று கேட்கிற வாய் நம் கரையிலும் இருக்கிறது. பழவேற்காட்டு முகத்துவாரம் மணல் மூடித் தூர்ந்துபோகும்போது அலை அங்கே தாறுமாறாக உடைகிறது, படகு கவிழ்கிறது. மணலைப் பார்க்க வேண்டிய நேரத்தில் பெண்ணைப் பார்ப்பவர்கள் மணலை அப்படியே விட்டுவைக்கிறார்கள்.

2

ரெண்டாவது பிரதி, ஹெர்பர்ட் ஹைன்ரிச் என்கிற அமெரிக்கர் 1931இல் எழுதிய தொழிற்சாலை விபத்துத் தடுப்பு நூல். ஓர் இன்சூரன்ஸ் கம்பெனியில் வேலை பார்த்தவர். உலகம் முழுக்கப் பாதுகாப்பு அதிகாரிகள் பல பத்தாண்டுகள் பாடம் கேட்டது இவரிடம்தான். ஒரு பெருங்காயத்துக்குக் கீழே 29 சிறு காயமும், காயமே இல்லாத 300 சம்பவமும் இருக்கின்றன என்று ஒரு கணக்குச் சொன்னார். விபத்தில் 88 சதவீதம் தொழிலாளியின் தவறான செயலால், 10 சதவீதம் மோசமான நிலைமையால், 2 சதவீதம் தவிர்க்க முடியாதது என்று இன்னொரு கணக்கும் சொன்னார்.

இந்த 88 எங்கிருந்து வந்தது? இன்சூரன்ஸ் கோப்புகளிலும் முதலாளிமார் வைத்திருந்த பதிவுகளிலுமிருந்து. அடிபட்டவன் ஆஸ்பத்திரியில் கிடக்க, மேஸ்திரி எழுதிய தாள் அது. மேஸ்திரி தன் மேலேயே குற்றம் எழுதுவானா?

அதோடு நிற்கவில்லை. விபத்தை வரிசையாக நிறுத்திய ஐந்து கட்டைகளாகச் சொன்னார் ஹைன்ரிச். முதல் கட்டை விழுந்தால் மற்றதெல்லாம் சாயும். அந்த முதல் கட்டைக்கு அவர் வைத்த பெயர் வம்சமும் சமூகச் சூழலும். அதாவது பிறப்பு. ரெண்டாவது கட்டை ஆளின் குறை. பிறப்பிலிருந்து குறை, குறையிலிருந்து தப்பான செயல், அதிலிருந்து விபத்து, அதிலிருந்து காயம். நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. மனு படித்த பாடத்தை அமெரிக்காவில் இன்சூரன்ஸ் பாஷையில் எழுதியிருக்கிறார்கள்.

1:29:300 கணக்கிலும் ஓட்டை இருக்கிறது. சிறு காயத்தைக் குறைத்தால் பெருங்காயம் தானாகக் குறையும் என்று நம்பினார்கள். அமெரிக்காவில் பல ஆண்டுகளாகச் சிறு காயங்களின் எண்ணிக்கை இறங்கிய அளவுக்குச் சாவு இறங்கவில்லை. அதனால் இப்போது அந்தத் துறைக்காரர்களே கேள்வியை மாற்றிக் கேட்கிறார்கள்: எத்தனை பேருக்குக் காயம் என்பதோடு, எந்த வேலையில் ஆளைக் கொல்லக்கூடிய, முடமாக்கக்கூடிய சக்தி இருக்கிறது? ஏரியில் இந்தக் கேள்விக்கு வேறொரு முகமும் உண்டு. இங்கே சிறு காயத்துக்கும் பெருங்காயத்துக்கும் நடுவே மருந்தும் நேரமும்தான் நிற்கின்றன. உப்பும் நன்னீரும் கலந்த வெதுவெதுப்பான தண்ணியில் விப்ரியோ என்கிற கிருமி வாழ்கிறது. ஒரு கீறல் போதும், சர்க்கரை நோயோ ஈரல் கெட்ட உடம்போ இருந்தால் ஒரு நாளில் சதையை அழுக வைத்து ஆளையே கொண்டுபோகும். முள் சிறுசுதான். முள் குத்தின மறுநாளும் தண்ணியில் இறங்க வேண்டியிருப்பது சிறுசில்லை.

3

மூன்றாவது பிரதி இலக்கியம் என்று யாரும் சொல்லாதது. 1923ஆம் வருஷத்துத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் முதல் அட்டவணை. மனித உடம்பைக் கண்டதுண்டமாக வெட்டி ஒவ்வொன்றுக்கும் விலை எழுதியிருக்கிறது. கட்டை விரல் போனால் சம்பாதிக்கும் சக்தியில் 30 சதவீத இழப்பு. ஆள்காட்டி விரல் முழுசாகப் போனால் 14. நடு விரல் 12. மோதிர விரலோ சுண்டு விரலோ 7. ஏகலைவன் கதை தெரிந்தவர்களுக்குக் கட்டை விரலின் விலை ஓரளவு பழக்கம்தான். 2020இன் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு பழைய சட்டத்தை உள்ளே இழுத்துக்கொண்டது. அட்டவணை அதிலும் அட்டவணையாகவே தொடர்கிறது.

இந்த அட்டவணை மனசில் வைத்திருக்கிற உடம்பு எது? மில்லில் நிற்கிற, மாசச் சம்பளம் வாங்குகிற, முதலாளி இருக்கிற உடம்பு. சம்பளத்தில் இத்தனை பங்கு, வயசுக்கு இத்தனை மடங்கு என்று பெருக்கித்தான் தொகை வரும். தொழிற்சங்கங்கள் போராடி இதைக் காப்பாற்றி வைத்திருக்கின்றன, அதை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் பறியைக் கடித்துக்கொண்டு சேற்றில் துழாவுகிற அக்காவுக்கு முதலாளி யார்? இறாலை எடைபோட்டு வாங்குகிற வியாபாரியா? அவர் "நான் வாங்குறவன், வேலை குடுக்குறவன் இல்ல" என்பார். சம்பளம் இல்லாததால் பெருக்குவதற்குத் தொகை இல்லை. 14 சதவீதம் எதிலே?

இன்னொன்று. சேற்றுக்குள் எது இறால், எது நண்டு, எது முள், எது உடைந்த பாட்டில் என்று கண்ணில்லாமல் தெரிந்துகொள்வது விரல் நுனிதான். ஒரு தொண்டு நிறுவனம் கையுறை கொடுத்ததாம். அக்கா சிரித்துக்கொண்டே சொன்னார்: "அத்த போட்டா கை குருடாப் பூடும் தம்பி." வலையும் கண்ணும் தராசும் ஒன்றாக இருக்கிற விரலை எந்த அட்டவணையின் எந்த வரிசையில் வைப்பது?

உலக அளவிலும் இதே கதைதான். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2007இல் மீன்பிடி வேலைக்கென்று 188ஆம் உடன்படிக்கையைக் கொண்டுவந்தது, 2017இல் அது நடைமுறைக்கு வந்தது. நல்ல விஷயங்கள் நிறைய இருக்கின்றன. ஆனால் அது சொல்கிற மீனவர் படகில் வேலை செய்கிறவர். படகே இல்லாதவர் அந்த வரையறைக்கு வெளியே தண்ணியில் நிற்கிறார். நம் நாட்டில் 2020இல் தொடங்கிய பிரதமரின் மீன்வளத் திட்டம் விபத்துக் காப்பீட்டில் சாவுக்கும் முழு நிரந்தர ஊனத்துக்கும் 5 லட்சம், பகுதி நிரந்தர ஊனத்துக்கு 2.5 லட்சம் என்று வைத்தது. முள் குத்தி ஒரு மாசம் கழித்துச் சீழ் வைத்து விரல் போனால் அது விபத்தா, நோயா? மேஜைக்கு அந்தப் பக்கம் இருக்கிறவர் கேட்கிற முதல் கேள்வி இதுவாக இருந்தால், அக்காவின் "ஒண்ணுமில்ல" எங்கிருந்து வந்தது என்று புரியும்.

4

இனி மூன்று பிரதியும் பேசாததைப் பேசலாம். அக்கா ஏன் கையால் பிடிக்கிறார்?

பழவேற்காட்டில் பாடு என்று ஒரு முறை இருக்கிறது. ஏரியில் இறால் ஓடுகிற நல்ல இடங்களில் சுத்து வலை கட்டும் உரிமையைச் சில கிராமங்களின் பட்டினவர்கள் முறை வைத்துப் பகிர்ந்துகொள்கிறார்கள். வெளிநாட்டு ஆய்வாளர்கள்கூட இதை வளத்தைக் காக்கிற கூட்டு நிர்வாகம் என்று எழுதியிருக்கிறார்கள். சண்டையில்லாமல் பங்கு போட்டுக்கொள்வது நல்லதுதான். ஆனால் பங்கில் யார் இருக்கிறார்கள் என்பதைச் சாதி முடிவு செய்கிறது. பாட்டுக்கு வெளியே நிற்கிற தலித்துக்கும் இருளருக்கும் மிஞ்சுவது ஓரத்துச் சேறு.

பாடு இருக்கிறவனுக்கு வலை. வலை இருக்கிறவனுக்கு ஒருவகைக் காயம். பாடு இல்லாதவளுக்குக் கை. கைக்கு வேறு காயம், கெளுத்தி முள், திருக்கை வால், சிப்பி ஓடு, கண்ணாடிச் சில்லு. சாதி வேலையைப் பிரிப்பதோடு வேலை செய்கிறவர்களையே பிரித்து அடுக்கிவைக்கிறது என்று 'சாதி ஒழிப்பு' நூலில் 1936இலேயே அம்பேத்கர் வாதிட்டார். அதே அடுக்கில்தான் காயமும் பங்கிடப்படுகிறது. 1942 முதல் 1946 வரை வைஸ்ராய் கவுன்சிலில் தொழிலாளர் துறையை வைத்திருந்தவர் அவர். சாதிக் கேள்வியையும் தொழிலாளர் கேள்வியையும் ஒரே ஆள் கையில் எடுத்ததை நாம்தான் ரெண்டு மேடையாக்கிப் பிரித்துவிட்டோம்.

பாதுகாப்பு நிபுணர்கள் ஒரு வரிசை சொல்கிறார்கள். முதலில் ஆபத்தையே நீக்கு. முடியாவிட்டால் ஆபத்துக் குறைந்த கருவியாக மாற்று. அதுவும் முடியாவிட்டால் ஆபத்துக்கும் ஆளுக்கும் நடுவில் தடுப்பு வை. பிறகு வேலை செய்யும் முறையை மாற்று. எல்லாம் முடிந்த பிறகு கடைசியாகக் கையுறை. ஏழைக்கு மட்டும் இந்த வரிசை தலைகீழாக வருகிறது. முதலிலும் கடைசியிலும் கையுறை. வரிசையை நேராக நிறுத்தினால், கையால் பிடிப்பவர்களின் காயத்தைத் தடுக்கும் முதல் மருந்து வலையும் படகும் பாட்டில் பங்கும். இதைச் சொன்னால் "பாதுகாப்பு பத்திப் பேசச் சொன்னா சாதியப் பேசுறீங்களே" என்பார்கள். பேசத்தான் வேண்டும்.

தண்ணிக்கு வெளியே இருந்து வந்த ஆபத்தும் இருக்கிறது. எண்ணூர்க் கழிமுகத்தில் அனல் மின் நிலையத்துச் சாம்பல் படிந்து, தலைமுறையாகத் தெரிந்த சேறு தெரியாத சேறாகிவிட்டது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் அங்கே எண்ணெய் பரவியபோது, மீனவர்கள் குவளையும் வாளியும் வைத்து அள்ளினார்கள். அதை வீரமாகப் படம் பிடித்தார்கள். அது ஒரு வேலை, அந்த வேலைக்கு ஓர் ஆபத்து உண்டு என்று எழுதியவர்கள் கொஞ்சம் பேர்.

5

நம்மையும் விட்டுவைக்கக் கூடாது. தலித் எழுத்துக்குக் காயம் பிடிக்கும். விறகு பொறுக்கும்போது கீறிய பனங்கருக்கு 1992இல் பாமாவின் புத்தகத்துக்குத் தலைப்பானது. அங்கே கருக்கு குறியீடாகிற அதே நேரத்தில் உண்மையான கருக்காகவும் இருக்கிறது. பிறகு வந்த நம்மில் பலர் குறியீட்டை மட்டும் எடுத்துக்கொண்டோம். "ரணம்", "வடு", "குருதி" என்று எழுதுகிறோம். எந்த விரல், எந்த முள், எத்தனை மணிக்கு, ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம், யார் கடன் கொடுத்தார்கள் என்று எழுதுவதில்லை. வலியைக் கவிதையாக்கிவிட்டுக் காரணத்தைத் தப்பவிடுவதில் நாமும் தகழிக்குக் குறைந்தவர்கள் இல்லை.

சாட்சியம் என்றால் அதற்குத் தேதி வேண்டும். தோழர்களுக்கும் மாணவர்களுக்கும் நான் சொல்வது, ஒவ்வொரு குப்பத்திலும் ஒரு காய நோட்டு போடுங்கள். அடிபட்டவர் வாயால், அவர் பேசுகிற பேச்சிலேயே எழுதுங்கள். "நீ இன்னா தப்பு பண்ணே" என்று தொடங்காதீர்கள். எது பட்டது, அன்றைக்கு ஏன் அந்த இடத்துக்குப் போக வேண்டியிருந்தது, கையில் என்ன கருவி இருந்தது, ஏன் வேறு கருவி இல்லை, எத்தனை நாள் கழித்து மறுபடி தண்ணியில் இறங்கினார், ஏன் அவ்வளவு சீக்கிரம்? தப்பித்தவர்களையும் எழுதுங்கள். திருக்கை வால் தொடையை உரசிப்போனது என்றால் அடுத்த முறை வயிற்றில் ஏறலாம்.

நோட்டு எழுதப் போகிறவர் கையோடு இதையும் கொண்டுபோகட்டும். திருக்கை, கெளுத்தி விஷம் சூட்டில் முறியும். காயம்பட்ட கையையோ காலையோ தாங்கக்கூடிய வெந்நீரில், 45 டிகிரிக்கு மேல் போகாமல், அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம் வைத்தால் வலி இறங்கும். மரத்துப்போன கைக்குச் சூடு தெரியாது, வேறொருவர் கை வைத்துப் பார்க்க வேண்டும். நெஞ்சிலோ வயிற்றிலோ கழுத்திலோ முள் ஏறியிருந்தால் பிடுங்கக் கூடாது, அப்படியே தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். வீக்கம் மணிக்கு மணி ஏறினாலோ, ரத்தக் கொப்புளம் வந்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரி. தடுப்பூசி தனி. காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்து நடந்தால் திருக்கை விலகும் என்பதை இருளர்களுக்கு நாம் சொல்லித்தர வேண்டாம், அவர்கள் நமக்குச் சொல்வார்கள். 1978இல் வடநெம்மேலியில் தொடங்கிய இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் எடுத்துக் கொடுக்கிற விஷத்திலிருந்துதான் நாடெங்கும் பாம்புக்கடிக்கு மருந்து ஆகிறது. திருக்கைக்கு அப்படி ஒரு மருந்து இன்னும் இல்லை. அந்தச் சனத்தின் விரலை ஊரே கடன்பட்டிருக்கிறது.

எழுந்து போகும்போது அக்காவிடம் உங்கள் விரல் கதையை எழுதட்டுமா என்று கேட்டேன். யோசித்தார்.

"எழுது. ஒண்ணுமில்லன்னு எழுதாத."